பெரம்பூர் பக்கம்

எங்கே வீடு என்று யார் கேட்டாலும்
பெரம்பூர் பக்கம் என்பேன்.
பக்கம் என்பது பொய்யில்லை.
வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறினால்
அடுத்த ஸ்டேஷன் பெரம்பூர்,
நாலு நிமிஷம்.
அந்த நாலு நிமிஷத்தைத்தான்
மூன்று வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏழாவது மாடி.
பழைய போல்ட் கம்பெனியை இடித்துவிட்டுக் கட்டியது.
நாலு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஒரு காபி மெஷின்.
கடன் கேட்பவர்களின் விவரம் சரிபார்ப்பது என் வேலை.
பெயர். ஆதார். மாத வருமானம்.
கடைசியாகப் பின்கோடு.
ஆறு எண்ணையும் அடித்து முடித்தால்
திரையில் பச்சை வரும்.
சிலதற்குச் சிவப்பு.
காரணம் சொல்லக் கூடாது, அது பயிற்சியின் முதல் நாள் பாடம்.
காரணத்தை எங்களுக்கும் யாரும் சொன்னதில்லை.

முதல் வாரமே, டீ இடைவேளையில்,
யாரும் பார்க்காதபோது
எங்கள் வீட்டு எண்ணை அடித்துப் பார்த்தேன்.

போன செவ்வாய் ஒரு அழைப்பு.
பெயர் கோட்டீஸ்வரி.
கேட்டது நாற்பத்தைந்தாயிரம்.
பக்கத்து சீட் ரிஸ்வானா சிரித்துவிட்டாள்,
நானும்தான்.
மாவு அரைக்கப் பெரிய கிரைண்டர் வேண்டுமாம்.
இருப்பது ரெண்டு லிட்டர், சூடாகி நின்றுபோகிறது.
"ஒரு நாளைக்கி அறுபது பாக்கெட் போவுது மேடம்,
நூத்தம்பது கேக்குறாங்க.
மெட்ரோ வேலைக்கு வந்த பீகார் பசங்ககூட
தோசை சுடக் கத்துக்கினாங்க."

அவள் பின்னால் ரயில் ஹாரன் அடித்தது.
தண்ணி லாரி வந்திருக்க வேண்டும்,
பிளாஸ்டிக் குடங்கள் உருளும் சத்தம்.
அதற்கும் பின்னால் ஒரு சேவல்
மத்தியானம் மூணு மணிக்குக் கூவியது.
அந்த முட்டாள் சேவலை எனக்குத் தெரியும்.
எங்கள் தெருமுனை
ஏசுபாதம் வெல்டிங் கடைக் கூரையில் நிற்கும்.

பின்கோடு கேட்டேன். தயங்காமல் சொன்னாள்.
அடித்தேன். வருவது வந்தது.
"தற்சமயம் உங்கள் பகுதியில் எங்கள் சேவை இல்லை."
ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லும் வாக்கியம்.
குரலில் மலர்ச்சி இருக்க வேண்டும்,
மலர்ச்சிக்குத் தனி மதிப்பெண்.

அன்று வாய் வரவில்லை.
பதிவாகிறது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தி,
"அக்கா, பெரம்பூர்ல சொந்தக்காரங்க இருக்காங்களா?
அந்த அட்ரஸ் குடுத்தா..." என்றேன்.
"எதுக்குமா? மாவு இங்கதானே அரைக்கப் போறேன்."
கோபமில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.
அல்லது நன்றாகவே புரிந்திருந்தது.

எங்கள் தெருவில் இப்போது ஃபைபர் கேபிள் உண்டு.
பத்து நிமிஷத்தில் ஐஸ்கிரீம் வரும்,
மெயின் ரோடு வரைக்கும்.
அதற்கு மேல் நாமே போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.
கொடுங்கையூர் குப்பை எரியும் இரவுகளில்
ஜன்னல் இடுக்கை ஈரத்துணியால் அடைப்போம்.
வைஃபை நன்றாகவே வரும்.

இரவு ஷிப்ட் பெண்களுக்குக் கம்பெனி வண்டி.
வாசலில்தான் இறக்கிவிட வேண்டும், விதி அப்படி.
என் வாசல் பெரம்பூரில் இருக்கிறது.
பதினொன்றரைக்கு
ஒரு பல் ஆஸ்பத்திரி முன்னால் இறங்கி,
வண்டி திரும்பும்வரை
பூட்டிய கேட்டைத் திறப்பதுபோல் நின்றிருந்து,
பிறகு நடப்பேன்.
இருபத்தைந்து நிமிஷம்,
கையில் சாவிக்கொத்தை இறுக்கிக்கொண்டு.

நேற்று முனைக்கடையில் மாவு வாங்கினேன்.
பாக்கெட் புதிது, அச்சடித்தது.
தண்டலுக்கு வாங்கியிருப்பாள்,
கையில் தரும்போதே பத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.
கோட்டீஸ்வரி இட்லி தோசை மாவு.
கீழே கதவு எண், தெரு,
வியாசர்பாடி, சென்னை முப்பத்தொன்பது.
பெயரைவிட முகவரிக்குப் பெரிய எழுத்து.

இன்று பல் ஆஸ்பத்திரி வந்ததும்
டிரைவர் தேசிங்கு வேகத்தைக் குறைத்தார்.
சப்வே தாண்டிப் போங்கண்ணா என்றேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
"அங்க தண்ணி நிக்குமே மேடம்."
"நிக்கும்" என்றேன்.